பெரம்பூரில் பிறந்த துபாஷி

வடசென்னை என்றவுடன் பிறர் மனத்தில் எழும் காட்சி எது? துறைமுகத்தின் கிரேன்கள், எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள், திருவொற்றியூர் வரை ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள். இங்கேயே பிறந்து வளர்ந்த நாங்களும் அவ்வாறே எண்ணிப் பழகிவிட்டோம். பெரியோர்கள் எல்லாம் வேறெங்கோ ஆற்றங்கரைகளில் பிறந்தவர்கள் என்பது எங்கள் நினைப்பு. ஆனால் இராயபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெரம்பூரில், 1709-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் பிறந்த ஒருவர், தென்னிந்தியாவின் தலையெழுத்து மாறிய காலத்தை நாள்தோறும் எழுதிவைத்துச் சென்றார். அவர்தாம் ஆனந்தரங்கப் பிள்ளை.

அவரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது ஓர் இலக்கணப் பாடம் என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நான் நமது கல்லூரியில் வேதியியல் மாணவன். சனிக்கிழமைகளில் மட்டும் நகரில் நடைபெறும் ஒரு சான்றிதழ் வகுப்பில் பிரெஞ்சு படிக்கிறேன். கப்பல் நிறுவனங்களில் வேலை தேடும்போது இன்னொரு மொழி கைகொடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, என் தந்தையார்தாம் கடன் வாங்கிச் சேர்த்துவிட்டார்.

பாடம் எளிதாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ‘ஸுப்ஜோங்க்திஃப் பஸ்ஸே’ என்னும் வினைவடிவம் வந்ததும் தடுமாறிப் போனேன். அதை அமைப்பது கடினமன்று. முன்னே ஒரு துணைவினை. பின்னே முதன்மை வினையின் இறந்தகால எச்சம். பெரும்பாலான வினைகளுக்கு உடைமைப் பொருள் தரும் ‘அவ்வார்’ துணைவினையாக வரும். போதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற சிலவற்றுக்கு இருத்தல் பொருள் தரும் ‘எத்ர்’ வரும். அவர் பேசியிருக்க என்பதற்குக் ‘கில் எ பார்லே’. அவர் வந்திருக்க என்பதற்குக் ‘கில் ஸ்வா வெனு’. தமிழில் பேசியிருக்க, வந்திருக்க என எல்லா வினைக்கும் ‘இரு’ ஒன்றே போதுமே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இடர்ப்பாடு பயன்பாட்டில்தான். ஒருவர் வந்தார் என்று உறுதியாக உரைத்தால் இவ்வடிவம் வேண்டா. வந்திருப்பாரோ என்று ஐயுற்றாலும், வந்துவிட்டாரோ என்று அஞ்சினாலும் வேண்டும். இதுவரை சரி, நடந்ததா இல்லையா என்பது தெரியாது, ஆதலால் வடிவம் மாறுகிறது. ஆனால் அவர் வந்தது குறித்து மகிழ்ந்தாலும் வருந்தினாலும் இதே வடிவம்தான் வேண்டுமாம்! நடந்தது உறுதியாயிற்றே, பிறகு ஏன் என்று கேட்டேன். எங்கள் ஆசிரியை புதுச்சேரிக்காரர். விடை கூறாமல் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். மறைந்த ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் இவ்வடிவம் வரவேண்டும். யாரைப் பற்றி எழுதுவது என்று விழித்த எனக்கு ரங்கப் பிள்ளையின் பெயரை அவரே சொன்னார்.

ரங்கப் பிள்ளையின் தந்தை திருவேங்கடம் பிள்ளை ஒரு வணிகர். அவருடைய மைத்துனர் நைனியப்பப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியாரின் தலைமைத் தரகராக இருந்தார். அந்த உறவின் வழியே குடும்பம் பெரம்பூரை விட்டுப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளை சிறுவனாக இருந்தபோதே பெரும் இடி விழுந்தது. 1716-இல் கவர்னர் எபேர் நைனியப்பரைச் சிறைப்படுத்தினார். விசாரணையில் சாட்சிகள் தமிழில் உரைத்தவை பிரெஞ்சில் எழுதப்பட்டன. தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட தாளின் கீழே கையொப்பமிட்டதாகச் சாட்சிகள் பின்னர் முறையிட்டனர். நைனியப்பர் சவுக்கடி பட்டார், சொத்தை இழந்தார், 1717-இல் சிறையிலேயே இறந்தார். பிற்பாடு அத்தீர்ப்பு பிரான்சில் தள்ளுபடியாயிற்று. போன உயிர் திரும்புமா?

ஒரு மொழி தெரியாமையால் மனிதர் எதையெல்லாம் இழக்கக்கூடும் என்பதற்குத் தம் வீட்டிலேயே சான்று கண்டவர் ரங்கப் பிள்ளை. அவர் வணிகத்திலும் மொழிகளிலும் தேர்ந்தார். பரங்கிப்பேட்டையில் கம்பெனியாரின் வணிகத்தை நடத்தினார். 1742-இல் டூப்ளே புதுச்சேரியின் கவர்னரானார். 1746-இல் தலைமைத் துபாஷியான கனகராய முதலியார் மறைந்தபின் அப்பொறுப்பு நாளடைவில் ரங்கப் பிள்ளையிடம் வந்தது. துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர் என்பது பொருள். ஆயினும் வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. நவாபுகளுக்கும் கவர்னருக்கும் இடையே, நெசவாளர்க்கும் கம்பெனிக்கும் இடையே, ஊராருக்கும் அதிகாரத்துக்கும் இடையே நின்றவர் அவர்.

1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் தினப்படி சேதிக் குறிப்பு எழுதினார். பண்டிதத் தமிழில் அன்று, பேசுகிற தமிழில். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, இன்ன விலைக்குப் போனது, இன்னார் இன்னாரைப் பற்றிக் கவர்னரிடம் கோள் சொன்னார் என அனைத்தும் அதில் உண்டு. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்ததும், 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியதும் அதில் உண்டு. அந்த முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் எழுதினார். தலைமைத் துபாஷியாக இருந்தும் அதைத் தடுக்க அவரால் இயலவில்லை.

அவர் குறையற்ற மனிதர் என்று நான் கூறமாட்டேன். செல்வச் செருக்கும், சாதிப் பெருமையும், போட்டியாளர் மீதுள்ள காழ்ப்பும் அந்தக் குறிப்பில் ஒளிவின்றித் தெரிகின்றன. ஒளிக்காமல் எழுதியதே அதன் மதிப்பு எனலாம். 1754-இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1756-இல் ரங்கப் பிள்ளையின் பதவியும் போயிற்று. நோயும் கடனும் சூழ, 1761 ஜனவரியில் அவர் கண்மூடினார். அதே மாதம் 16-ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அவர் எழுதியவை 1846-இல் கண்டெடுக்கப்பட்டன. 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் அவற்றை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. இன்றும் புதுச்சேரியில் அவர் பெயரால் ஒரு வீதியும், அவர் வாழ்ந்த மாளிகையும் இருக்கின்றன.

இவற்றைப் படித்தபின் வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நைனியப்பர் குற்றம் செய்திருப்பார் என்பதை ஐயுறுகிறேன் என்று எழுதினேன். தீர்ப்பு தள்ளுபடியானபோதிலும் அவர் மீளவில்லை என்று எழுதினேன். ரங்கப் பிள்ளை பெரம்பூரில் பிறந்ததற்கு மகிழ்கிறேன் என்று எழுதினேன். பிறத்தலுக்கு எத்ர் வரவேண்டும் என்பதை மறக்கவில்லை. ஒன்பது முடிந்தது. பத்தாவது வரவில்லை.

அன்றிரவு என் தந்தையாரின் வலக்கையைப் பார்த்தேன். அதில் இரண்டு விரல்கள் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, சரக்கு இறக்கும் இடத்தில் ஏற்பட்ட விபத்து அது. பணம் கொடுத்தவர்கள் ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளை நீட்டினார்கள். அப்பா இடக்கையால் கையெழுத்திட்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. என் பத்தாவது வாக்கியம் இதுதான்: தம்மால் படிக்க முடியாத தாளில் என் தந்தை கையெழுத்திட்டதற்கு வருந்துகிறேன். எழுதி முடித்தபோதுதான் என் கேள்விக்கு விடை கிடைத்தது. நடந்தது உறுதி, அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வாக்கியம் நடந்ததை அறிவிக்க எழுந்ததன்று. நடந்ததை என் மனம் எவ்வாறு ஏற்கிறது என்பதைச் சொல்ல எழுந்தது. அதற்குத்தான் அந்தத் தனி வடிவம்.

ஆசிரியை பத்தாவது வாக்கியத்தைப் படித்துவிட்டு, இது ரங்கப் பிள்ளையின் வரலாறு அன்றே என்றார். பின்பு பிழை ஏதும் இல்லை என்று சொல்லி மதிப்பெண் போட்டார்.

வீட்டில் அப்பா, என்னடா எழுதினாய் என்று கேட்டார். தமிழில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து, இப்போது படி என்றார். முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டதாகவும், இனி எந்த உரிமையும் கோருவதில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. குறைத்தும் சொல்லாமல், கூட்டியும் சொல்லாமல் அப்படியே தமிழில் கூறினேன். அப்பா தாளை மடித்து வாங்கிக்கொண்டார். மறுநாள் பக்கத்து வீட்டு மாமாவை அழைத்து வந்தார். அவர் கையிலும் ஒரு தாள் இருந்தது.

நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். ரேஷன் கடைப் படிவம் முதல் வங்கிக் கடிதம் வரை நம் வீட்டாருக்கும் வெளியுலகுக்கும் இடையே நிற்பவர்கள் நாமே. பெரம்பூரில் பிறந்த அந்தத் துபாஷி கவர்னர்களுக்காகச் செய்ததை நாம் நம் தாய் தந்தையருக்காகச் செய்கிறோம். அவர் போல் நாள்தோறும் எழுதிவைக்க நம்மால் இயலாது போகலாம். நம் தெருவில் இனி ஒருவரும் படிக்காமல் கையெழுத்திடாதபடி பார்த்துக்கொள்ள இயலும் அல்லவா?