பக் துரையும் ஐந்து மாணாக்கரும்

தாயகத்திலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து வாழும் நாம், ஆண்டு விழா மலரில் பெரும்பாலும் புலவர்களையும் கலைஞர்களையுமே போற்றி வருகின்றோம். இம்முறை, தமிழகத்தில் விளையாட்டுத் திடலுக்கு மதிப்புத் தேடித் தந்த ஒருவரை நினைவுகூர விழைகின்றோம். அவர் தமிழரல்லர். ஆயினும் தம் வாழ்வின் சிறந்த பகுதி முழுவதையும் சென்னைக்கே ஈந்தவர்.

ஹாரி குரோ பக் 1884-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பயின்றார். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை மாடத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கூடைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்தது அப்பள்ளியிலேதான். அங்குப் பயின்ற பக், 1919-இல் சென்னை வந்து சேர்ந்தார்.

அக்காலத்து நம் பள்ளிகளில் தேகப்பயிற்சி இருந்த நிலை இரங்கத்தக்கது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய் ஒருவர் 'டிரில் மாஸ்டர்' என்ற பெயரில் வந்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கைகளை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்வார். படிப்பில்லாதவருக்கான வேலை அது என்பதே பெற்றோரின் எண்ணம். சக ஆசிரியரின் எண்ணமும் அதுவே. (தேர்வு நெருங்கியதும் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்திற்குத் தாரைவார்க்கும் வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை.)

இந்நிலையை மாற்ற இரு வழிகள் இருந்தன. வலுமிக்க இளைஞர் சிலரைத் திரட்டி, ஓர் அணியாக்கி, கோப்பைகளை வென்று புகழ் தேடலாம். பக் அதனை நாடவில்லை. ஆசிரியர்களை உருவாக்கும் நெடுவழியையே தேர்ந்தார். 1920-இல் சென்னையில் அவர் தொடங்கிய தேகப்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர் ஐவர் மட்டுமே! வேறொருவராயின் கப்பலேறி ஊர் திரும்பியிருப்பார் என்றே நாம் எண்ணுகின்றோம். ஆனால் ஆசிரியர் ஐவரைப் பயிற்றினால், அவர்கள் ஆளுக்கொரு பள்ளிக்குச் சென்று ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சிறுவரைத் திடலுக்கு அழைப்பர். கோப்பை தர இயலாத பயன் இது.

அங்ஙனம் சென்றவர்களோடு கூடைப்பந்தும் சென்றது. இரண்டு கம்பங்கள், இரண்டு வளையங்கள், ஒரு பந்து, சிறிய திடல் ஒன்று. ஏழைப் பள்ளிக்கும் எட்டக்கூடிய ஆட்டம். மேனாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு விளையாட்டுகளுக்கும் பக் தம் பயிற்சியில் இடமளித்தார் என்பதைக் குறிப்பிடாமல் விடலாகாது.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற இந்திய அணியினரைப் பக் உடனிருந்து அழைத்துச் சென்றார். சென்னையைச் சேர்ந்த சி. கே. லட்சுமணன் தடையோட்டத்திலும், தலிப் சிங் நீளம் தாண்டுதலிலும் அங்குக் கலந்துகொண்டனர். பதக்கம் ஒன்றும் கிட்டவில்லை. எனினும் அம்முயற்சிகளின் தொடர்ச்சியாக 1927-இல், தொராப்ஜி டாட்டாவைத் தலைவராகக் கொண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது.

ஐவருடன் தொடங்கிய பள்ளி முப்பதுகளின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் 60 ஏக்கருக்கு மேற்பட்ட திடலைப் பெற்றுக் கல்லூரியாக வளர்ந்தது. ஆசியாவிலேயே அத்துறையில் முதன்மையான கல்லூரி அது எனப் போற்றப்படுகின்றது. நந்தனம் வழியே செல்லும் அன்பர்கள் அதன் மரங்களை இன்றும் காணலாம்.

1943-இல் பக் மறைந்தார். நம் தீவுகள் அப்போது ஜப்பானியர் பிடியில் சிக்கி, தாயகத்துச் செய்தி எதுவும் எட்டாது தவித்துக்கொண்டிருந்தன. பாரத நாடு விடுதலை பெற்றதையோ, 1950-இல் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் தோன்றியதையோ, 1980-இல் நம் ஆடவர் அணி மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடியதையோ அவர் காணவில்லை. பெரியகுளம், கரூர் போன்ற ஊர்களில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும் நாட்களில், கடையடைத்ததும் குடும்பத்தோடு ஆட்டம் காணச் செல்லும் மக்கள் கூட்டத்தில் அவர் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? சிலரே இருப்பர். ஆயினும் ஊதுகுழலைக் கழுத்தில் மாட்டி அங்கு நடுவராக நிற்பவரின் ஆசான், அவ்வாசானின் ஆசான் என்று பின்னோக்கிச் சென்றால், அந்த ஐவருள் ஒருவரிடமே போய்ச் சேரக் கூடும்.