பீப்பாய்ப் பலகையைப் பார்த்தவர்

ஒரு பெரிய கடற்படை ஏன் தோற்றதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க? பீரங்கி, புயல், இல்லன்னா தளபதி முட்டாள். அமெரிக்க வரலாற்றாசிரியர் காரெட் மாட்டிங்லி பீப்பாயையும் எடுத்துப் பார்த்தார்.

1587-ல் ஆங்கிலேயர் டிரேக், ஸ்பெயின் கடற்படைக்குப் பீப்பாய் செய்ய வைத்திருந்த காய்ந்த பலகைகளைப் பிடித்துக் கொளுத்திவிட்டார். மறுவருஷம் சுமார் 130 கப்பல்களோடு இங்கிலாந்து மேல் கிளம்பிய அர்மடாவுக்குக் கிடைச்சது பச்சை மரப் பீப்பாய். தண்ணீர் ஒழுகியது, சாப்பாடு அழுகியது. பச்சை மரம் காய்ந்தா சுருங்கும். அரியர் வைக்காதவங்களைத் தேட வேண்டாம், நம்ம ஊர் ஆசாரியே சொல்வார்.

மாட்டிங்லி 1900-ல் வாஷிங்டனில் பிறந்தவர், ஹார்வர்டில் படித்தவர். அவருடைய களம் பழைய தூதர்களின் கடிதங்கள். 1941-ல் அரகானின் கேத்தரின் பற்றி எழுதினார். எட்டாம் ஹென்றி கைவிட்ட மனைவின்னுதான் நமக்கு அவளைத் தெரியும். ஆனா அதுக்கு முன்னாடி, கைச்செலவுக்கே திண்டாடிய இளம் விதவையா லண்டனில் இருந்தபோது, 1507-ல் அப்பா பெர்டினாண்ட் அவளையே ஸ்பெயினின் தூதராக நியமித்தார். ஐரோப்பாவில் ஒரு பெண் தூதர்!

1955-ல் வந்த அடுத்த நூல் தூதர் வேலையைப் பற்றியே பேசியது. முன்பெல்லாம் தூதர் வருவார், காரியம் முடிந்ததும் போய்விடுவார். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில்தான் வேற்று அரசவையிலேயே தங்கி, ஊருக்குச் செய்தி எழுதிக்கொண்டே இருக்கும் வழக்கம் வேரூன்றியது. இன்றைய தூதரகங்களுக்கு ஆரம்பம் அது.

அர்மடா பற்றி எழுதும் எண்ணம் 1940 ஜூனில் வந்தது. இங்கிலாந்துக் கரையை மறுபடியும் எதிரி நெருங்கிய நேரம். நடுவில் அமெரிக்கக் கடற்படையில் வேலை, பிறகு கொலம்பியா பல்கலைக்கழகம். நூல் வெளிவர 1959 ஆயிற்று. அடுத்த ஆண்டு புலிட்சர் சிறப்புப் பாராட்டு.

எனக்கு அதில் பிடிச்சது மெதினா சிதோனியா கதை. தோல்விப் பழி முழுக்க இந்தத் தளபதி தலையில்தான் விழுந்தது. ஆனா அந்த மனுஷன், கடல் அனுபவம் கிடையாது, கப்பலேறினா குமட்டும், வேற ஆளைப் பாருங்கன்னு மன்னர் பிலிப்புக்கு முன்பே எழுதிக் கெஞ்சியவர். மன்னர் விடலை. லிஸ்பனில் குழம்பிக் கிடந்த படையை ஒழுங்குபடுத்தியதும் அவர்தான்னு மாட்டிங்லி காட்டினார். இத்தனைக்கும் 370 வருஷம் ஆச்சு.

1962-ல் ஆக்ஸ்போர்டில் மாட்டிங்லி இறந்தார். லைப்ரரியில் அந்த நூல் கிடைச்சா விடாதீங்க. கப்பலில் தொடங்காது, ஒரு ராணியின் தலை வெட்டப்படும் காலையில் தொடங்கும்.