மரியா சபீனா: கேட்டவருக்குக் கொடுத்ததன் விலை

மூலிகையைப் பிடுங்குமுன் அதற்குக் காப்புக் கட்டிச் சாபநிவர்த்தி செய்வது நமது வைத்திய மரபு. மருந்தைக் கண்டவரிடமெல்லாம் சொன்னால் அது பலிக்காது என்ற நம்பிக்கையும் அதனோடு சேர்ந்தே வந்தது. கந்தளாய்க் காடுகளில் வேரும் பட்டையும் தேடித் திரிந்த பழைய பரியாரிமாருக்கு இது புதிய செய்தியன்று. இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் உளர். ஆனால், மருந்தையும் அதனைச் சூழ்ந்த கட்டுப்பாட்டையும் பிரித்துவிட்டால் என்ன நேரும் என்பதை, உலகின் மறுகோடியில் வாழ்ந்து மறைந்த ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்க்கை நமக்குத் தெளிவாகவே காட்டுகிறது. அவர் பெயர் மரியா சபீனா.

தென் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்து மலைப்பகுதியில் உள்ளது வாவுத்லா என்னும் ஊர். அங்கு வாழும் மசாத்தெக் பழங்குடி மக்களிடையே 1894ஆம் ஆண்டில் மரியா சபீனா பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்த அவர், தாயுடனும் தங்கை மரியா ஆனாவுடனும் பாட்டன் வீட்டில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் அறியாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், மசாத்தெக் மொழியன்றி வேறு மொழி பேசாதவர். உறவினர் ஒருவரின் நோயைத் தீர்க்க மந்திர வைத்தியர் காளான்களை உண்டு இரவு முழுவதும் பாடியதைச் சிறுமியாக இருந்தபோது அவர் கண்டார். பின்னர் காட்டில் ஆடு மேய்க்கச் சென்ற சகோதரிகள் இருவரும் பசியின் கொடுமையால் அதே காளான்களைப் பறித்து உண்டனர். அவருடைய வித்தையின் தொடக்கம் அதுவே.

அவரது இல்லற வாழ்வில் இன்பம் மிகக் குறைவு. பதினான்கு வயதில் மணமானார். முதற் கணவர் நோயில் இறந்தார். நீண்டகாலம் விதவையாக இருந்து, மண்வேலையும் சிறு வியாபாரமும் செய்து பிள்ளைகளை வளர்த்தார். இரண்டாவது கணவர் குடித்துவிட்டு அடிப்பவர், அவரும் கொலையுண்டார். அந்த மணத்தில் பிறந்த பிள்ளைகளில் ஒருத்தியே தப்பிப் பிழைத்தாள். தங்கை மரியா ஆனா கடும் நோயுற்று, ஏனைய வைத்தியர்கள் கைவிட்ட நிலையில், மரியா சபீனா காளான்களை உண்டு அவருக்குச் சிகிச்சை செய்தார். அந்த இரவில் தம்முன் ஒரு பெரிய நூல் விரிந்ததாகவும், எழுத்தறியாத தாம் அதனைப் படித்து அறிந்ததாகவும் அவர் பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். தங்கை குணமடைந்தார். ஊர் அவரை ஞானியாக ஏற்றுக்கொண்டது.

மசாத்தெக் மக்கள் இக்காளான்களைப் புனிதக் குழந்தைகள் என்று அழைத்தனர். நோயாளி வந்தால் மட்டுமே, இரவில் மட்டுமே, விளக்கணைத்த வீட்டினுள், வழிநடத்தும் ஞானியின் பாடலுடன் மட்டுமே அவை உண்ணப்பட்டன. உண்பவர் முன்கூட்டியே நோன்பு காக்க வேண்டும். நோயின் காரணம் என்ன, பிழைப்பாரா மாட்டாரா என்பதை அறிவதே நோக்கம். மரியா சபீனா கத்தோலிக்க ஆலயத்துச் சங்கத்திலும் உறுப்பினர். அவரது பாடல்களில் பழைய தெய்வங்களும் கத்தோலிக்கப் புனிதர்களும் ஒருங்கே வந்தனர். ஸ்பானியர் ஆட்சியில் இவ்வழிபாடு தடைசெய்யப்பட்டதால், நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அது அந்நியர் கண்ணுக்கு மறைவாகவே பேணப்பட்டு வந்தது.

அந்தத் திரை 1955ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் விலகியது. கோர்டன் வொசன் என்பவர் நியூயோர்க் நகரின் ஜே.பி. மோர்கன் வங்கியின் உதவித் தலைவர். ரஷ்யப் பெண்மணியான தமது மனைவி வலென்டினாவுடன் சேர்ந்து காளான்களின் வரலாற்றைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தவர். அவர் படப்பிடிப்பாளர் ஒருவருடன் வாவுத்லாவுக்கு வந்து, ஊர் நிர்வாகத்தில் பதவி வகித்த ஒருவரை அணுகினார். அந்த அதிகாரி மரியா சபீனாவைக் கைகாட்டினார். அதிகாரி கேட்டதனாலேயே தாம் இணங்கியதாக மரியா சபீனா பின்னாளில் கூறினார். ஏழை விதவைக்கு அதிகாரியின் வேண்டுகோள் ஏறத்தாழக் கட்டளைதான். இந்தச் சிறு விவரத்தை வாசகர்கள் மனதில் இருத்த வேண்டும். மரியா சபீனாவின் இணக்கம் எத்தகையது என்ற கேள்வி இங்கிருந்தே எழுகிறது.

1957 மே மாதம் அமெரிக்காவின் லைப் சஞ்சிகையில் வொசனின் கட்டுரை படங்களுடன் வெளிவந்தது. மரியா சபீனாவின் பெயரும் ஊரின் அடையாளமும் அதில் மாற்றப்பட்டிருந்தன. ஆனால், மறைப்பு நீடிக்கவில்லை. 1956இல் வொசனுடன் சென்ற குழுவில் ஒருவர் அமெரிக்கப் புலனாய்வு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் மனக் கட்டுப்பாட்டு ஆய்வுக்காக வேலை செய்தவர் என்பது பல ஆண்டுகளின் பின்னரே வெளிவந்தது. 1958இல் சுவிற்சர்லாந்தின் சண்டோஸ் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய அல்பர்ட் ஹொப்மன் காளானிலிருந்து சிலோசைபின் என்னும் இரசாயனப் பொருளைப் பிரித்தெடுத்தார். வழிபாட்டுப் பொருள் மூன்றே ஆண்டுகளில் குளிசையாயிற்று.

1962இல் ஹொப்மன் அந்தக் குளிசைகளுடன் வாவுத்லாவுக்கே வந்தார். மரியா சபீனா அவற்றை உண்டு இரவுச் சடங்கை நடத்தினார். காளானின் ஆவி குளிசையிலும் இருப்பதாக ஏற்றுக்கொண்ட அவர், காளான் முளைக்காத பருவத்திலும் இனி நோயாளிகளுக்கு உதவலாம் என்று மகிழ்ந்ததாக ஹொப்மன் பதிவு செய்துள்ளார். பழங்குடியினர் யாவரும் விஞ்ஞானத்தை வெறுப்பவர் என்ற எளிய கதைக்கு இச்சம்பவம் இடந்தரவில்லை. மரியா சபீனாவுக்கு வேண்டியது நோயாளிக்கு மருந்து. அதன் வடிவம் அவருக்குப் பிரச்சினையாகத் தோன்றவில்லை.

பிரச்சினை வேறு வழியாக வந்தது. அறுபதுகளில் அமெரிக்க, ஐரோப்பிய இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வாவுத்லாவை நோக்கிப் படையெடுத்தனர். அவர்கள் நோயாளிகள் அல்லர். பரவசம் தேடி வந்தவர்கள். பகலிலும் வீதியிலும் கண்டபடி காளான்களைத் தின்றனர். அவற்றைப் பறித்து விற்கும் சந்தையும் ஊரில் முளைத்தது. 1969இல் இராணுவம் வந்து அந்நியரை வெளியேற்றிப் பாதையில் காவல் போட்டது. பொலிஸாரின் சந்தேகம் மரியா சபீனா மீதும் விழுந்தது. மூதாதையரின் இரகசியத்தை விற்றவர் என்று ஊராரில் ஒரு சாரார் அவரைத் தூற்றினர். அவரது வீடு தீக்கிரையாக்கப்பட்டது. 1971இல் ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கை சிலோசைபினை மிகக் கடுமையான தடைப் பட்டியலில் சேர்த்தது. அந்நியர் வந்து பெயர் கெடுத்த பொருளின் மீது தடை விழுந்தது.

மசாத்தெக் இனத்தவரான அல்வாரோ எஸ்திராடா அவரது வாழ்க்கையை அவர் வாய்மொழியாகவே கேட்டு 1977இல் நூலாக்கினார். அந்நியர் வந்த பின்னர் புனிதக் குழந்தைகள் தம் தூய்மையையும் வலிமையையும் இழந்துவிட்டன என்பதே அவரது முதுமைக்காலத் துயரம். கடவுளைக் காண்பதற்காக மட்டும் முன்னர் எவரும் அவற்றை உண்டதில்லை என்றும் அவர் நினைவுகூர்ந்தார். வொசனும் தமது செயலின் விளைவுகளுக்காகப் பிற்காலத்தில் வருந்தி எழுதினார். 1985 நவம்பர் 22ஆம் திகதி வஹாக்கா நகர வைத்தியசாலையில் மரியா சபீனா வறுமையிலேயே காலமானார். இன்று அவரது உருவம் பொறித்த சட்டைகள் விற்பனையாகின்றன.

அவருக்குப் பின்னர் கதை இன்னொரு திருப்பத்தை அடைந்தது. 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் மனச்சோர்வு நோய்க்கான சிலோசைபின் ஆய்வுக்கு விசேட அந்தஸ்து வழங்கியது. 2020இல் ஒரிகன் மாநில மக்கள் அதன் மேற்பார்வைப் பயன்பாட்டுக்கு வாக்களித்தனர். அதன் படிக வடிவங்களுக்குக் காப்புரிமைகளும் பெறப்பட்டுள்ளன. நோயாளிகளுக்குப் பயன் கிட்டுமாயின் அது வரவேற்கத்தக்கதே. ஆனால், காப்புரிமைப் பத்திரங்களில் வாவுத்லா மக்களுக்கு இடமில்லை.

இது மெக்சிகோவுடன் முடியும் கதையன்று. 1987இல் அகத்தியர் மலையில் வழிகாட்டிகளாகச் சென்ற காணி பழங்குடியினர், களைப்பின்றி நடப்பதற்காக ஒரு செடியின் கனியை உண்பதைக் கேரள விஞ்ஞானிகள் கண்டனர். வெளியாருக்குச் சொல்லக் கூடாத அந்த அறிவைக் காணிகள் தயக்கத்துடனேயே பகிர்ந்தனர். ஆரோக்கியப் பச்சை எனப்பட்ட அச்செடியின் அறிவியற் பெயரில் நமது தீவின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. அதிலிருந்து உருவான ஜீவனி மருந்தின் உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு வழங்கப்பட்டது. உலகம் அதனை முன்மாதிரி எனப் போற்றியது. ஆயினும், பிலாத்திகள் எனப்படும் அவர்களது வைத்தியர்களில் சிலர், தங்கள் அறிவு தனியாருக்கு விற்கப்படுவதை 1995இலேயே எதிர்த்தனர். பங்கு எவ்வளவு என்பதற்கு முன்னர், கொடுக்க மறுக்கும் உரிமை எமக்கு உண்டா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

நீரிழிவுக்கு நாம் மரக்குவளையில் நீரூற்றிக் குடிக்கும் கொத்தல ஹிம்புட்டு, ஜப்பானில் உணவுச் சேர்மானமாக விற்பனையாகிறது. மஞ்சளுக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை இந்தியா போராடி 1997இல் இரத்துச் செய்வித்தது. ஏடுகளில் எழுதப்பட்டிருந்தமையே அங்கு சான்றாயிற்று. எழுதப்படாத அறிவுக்கு அத்தகைய காவல் இல்லை. மூதூர்க் கரையோர வேடர் வழிவந்தோரிடமும் கந்தளாய், தம்பலகாமப் பரியாரிமார் குடும்பங்களிலும் எஞ்சியுள்ள அறிவில் எவ்வளவு எழுத்தில் உள்ளது? எழுதினால் களவு போகும். எழுதாவிட்டால் அவர்களோடு அழியும். திருகோணமலை கோணேசபுரியில் சித்த மருத்துவத்தைக் கற்பிக்கும் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருப்பது நமது பேறு. பதிவும் பாதுகாப்பும் அங்கிருந்து தொடங்கலாம். ஆனால், பதிவேட்டின் திறவுகோல் அறிவுக்குரிய சமூகத்தின் கையில் இருத்தல் வேண்டும்.

மரபு அறிவின் மூலத்தை வெளிப்படுத்தியே காப்புரிமை கோர வேண்டும் என்னும் சர்வதேச உடன்படிக்கை 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இது காலம் கடந்த நற்செய்தி. எனினும், சட்டம் விண்ணப்பப் பத்திரத்தை மட்டுமே பார்க்கும். அதிகாரியின் வேண்டுகோளுக்கு மறுப்புச் சொல்ல முடியாமல் ஒரு விதவை கதவைத் திறந்த அந்த இரவை அது பார்க்காது. மறுத்தால் தீங்கு நேராது என்ற உறுதி இருக்கும்போது கிடைக்கும் சம்மதமே சம்மதம். அந்த உறுதியை மரியா சபீனாவுக்கு அவரது காலம் கொடுக்கவில்லை. நமது காட்டோரக் கிராமங்களின் முதியவர்களுக்கேனும் அதனைக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.