கணித மேதையும் கல்விக் கொடையும்

பழனிமலைக்கு அண்மையில் உள்ள நெய்க்காரப்பட்டி, கரும்பும் நெல்லும் விளையும் ஊர். கரும்பைப் பிழிந்து வெல்லம் காய்ச்சி வாழும் குடிகள் அவ்வூர்ப் பக்கத்தில் பல உண்டு. அத்தகைய குடி ஒன்றிற் பிறந்த மாணவன் பள்ளியிறுதித் தேர்வில் நன்கு தேறினான் எனின், பெற்றோர் முதலில் மகிழ்வர். அடுத்துக் கணக்குப் பார்க்கத் தொடங்குவர். கல்லூரிக் கட்டணத்திற்கு எவ்வளவு, நூல்களுக்கு எவ்வளவு, உணவுக்கும் உறையுளுக்கும் எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பர். வரவு ஒருபுறமும் செலவு ஒருபுறமும் நிற்க, இடையே பள்ளம் தோன்றும். அப்பள்ளத்தைத் தாண்ட இயலாமல் கல்வியைக் கைவிட்ட இளைஞர் எல்லா ஊர்களிலும் உண்டு.

எண்களின் இயல்பை ஆராய்ந்து உலகையே வியக்கச் செய்த ஒருவரின் வாழ்விலும் இக்கணக்குக் குறுக்கே நின்றது. எண்ணற்ற எண்களைத் தம் உள்ளங்கையில் வைத்து விளையாடிய அவர், திங்கள்தோறும் சில ரூபாய்க்கு வழியின்றி வாடினார். அவரே கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22 ஆம் நாள், ஈரோட்டில் தம் தாயைப் பெற்ற பாட்டியார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் துணிக்கடை ஒன்றிற் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பாடும் குழுவிற் சேர்ந்து பாடியும், வெளியூர் மாணவர் சிலர்க்கு வீட்டில் உணவளித்தும் குடும்ப வருவாய்க்குத் துணை செய்தார். வறுமையிலும் செம்மை குன்றாத குடும்பம் அது. சாரங்கபாணி கோயிலின் சந்நிதித் தெருவில் இருந்த சிறு வீட்டில் இராமானுஜன் வளர்ந்தார்.

1897 ஆம் ஆண்டு நடைபெற்ற தொடக்கப்பள்ளித் தேர்வில் அவர் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். அதன் பயனாக நகர உயர்நிலைப் பள்ளியில் அரைக்கட்டணம் செலுத்திப் படிக்கும் சலுகை கிடைத்தது. கல்விக்கென அவர் பெற்ற முதல் உதவி அதுவே. பாதிக் கட்டணம் குறைந்தமை சிறிய செய்தியாகத் தோன்றலாம். கணக்கெழுதி வாழ்ந்த தந்தைக்கோ அது பெருஞ்சுமை நீங்கியதை ஒத்தது.

உயர்நிலைப் பள்ளியில் பயிலுங்கால், ஆயிரக்கணக்கான கணித முடிபுகளைத் தொகுத்துக் கூறும் ஆங்கில நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. கார் என்பார் எழுதிய அந்நூலில் முடிபுகள் இருந்தன. அவற்றிற்குரிய விளக்கங்கள் பெரும்பாலும் இல்லை. அக்குறையே இராமானுஜனுக்கு நிறைவாயிற்று. அவர் ஒவ்வொன்றையும் தாமே நிறுவிக் காண முற்பட்டார். காணுங்கால் புதியன பல கண்டார். அன்று முதல் கணிதமே அவருக்கு உணவும் உறக்கமும் ஆயிற்று.

1904 ஆம் ஆண்டு அவர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் கல்லூரியின் முதல் ஈராண்டுப் படிப்பு எப்.ஏ. எனப்பட்டது. அவரது திறமையைக் கண்டு, சுப்பிரமணியம் என்பார் பெயரால் அமைந்த உதவிச் சம்பளம் அவருக்கு வழங்கப்பட்டது. ஆயினும் அவர் கணிதம் ஒன்றிலேயே மூழ்கினார். ஆங்கிலம் முதலிய ஏனைய பாடங்கள் நடைபெறுங்காலும் அவர் உள்ளம் எண்களிலேயே உலவிற்று. ஆண்டு முடிவில் மேல் வகுப்பிற்குச் செல்லும் தகுதியை அவர் பெறவில்லை. 1905 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உதவிச் சம்பளம் நின்றது.

ஏனைய பாடங்களைப் புறக்கணித்தது அவரது பிழையே. மாணவர் அதனைப் பின்பற்றத் தக்கதாகக் கொள்ளுதல் கூடாது. ஆனால், எல்லாப் பாடங்களிலும் ஒப்பத் தேறுவோர்க்கே உதவி என்று அமைந்த விதி, ஒன்றில் ஒப்பற்றவரைக் கண்டறிய வழியில்லாததாக இருந்தது. சம்பளம் நின்ற அளவிலேயே கல்லூரிப் படிப்பும் நின்றது. கட்டணம் செலுத்த வீட்டில் பொருளில்லை. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் எவர்க்கும் சொல்லாமல் வீட்டை விட்டு விசாகப்பட்டினம் சென்றார். பதினேழு வயதே நிரம்பிய மகனைத் தேடிப் பெற்றோர் துயருற்றனர். பின்னர் அவர் வீடு திரும்பினார்.

1906 ஆம் ஆண்டு இராமானுஜன் சென்னைக்குச் சென்று பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1794 ஆம் ஆண்டு மறைந்த வள்ளல் பச்சையப்ப முதலியார் விட்டுச் சென்ற அறப்பொருளைக் கொண்டு எழுந்த நிலையம் அது. அங்குக் கணித ஆசிரியராக இருந்த சிங்காரவேலு முதலியார் அவரது ஆற்றலை உணர்ந்து, மாணவர் என்று கருதாது உடன் ஆராய்பவராகவே நடத்தினார். எனினும் நோய் குறுக்கிட்டது. இராமானுஜன் கல்லூரியை விட்டு நீங்கி, 1907 ஆம் ஆண்டு தனித்தேர்வராக எப்.ஏ. தேர்வு எழுதினார். கணிதத்தில் தேறினார், ஏனையவற்றில் தவறினார். பட்டத்திற்குரிய கதவு முற்றும் அடைபட்டது.

பின்வந்த சில ஆண்டுகள் துன்பம் மிக்கவை. அவர் தனிப்பாடம் சொல்லியும் நண்பர் உதவியால் உண்டும் காலங்கழித்தார். தாள் வாங்குதல் அரிதாகையால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிபுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். முழங்கை கறுத்தது; குறிப்பேடுகள் நிறைந்தன. 1909 ஆம் ஆண்டு ஜானகி அம்மையாருடன் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. குடும்பப் பொறுப்பும் தோளில் ஏறிற்று.

வேலை நாடி அவர் திருக்கோவலூர்க்குச் சென்று, இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயரைக் கண்டார். குறிப்பேடுகளைப் புரட்டிய அவர், இத்தகையவரைச் சிறிய அலுவலில் அமர்த்தி அவரது அறிவை மங்கச் செய்தல் தகாது என்று கருதினார். அவரும் பிற அன்பரும் காட்டிய வழியில், 1910 ஆம் ஆண்டின் இறுதியில் இராமானுஜன், நெல்லூரில் மாவட்டத் தலைவராக விளங்கிய இராமச்சந்திர ராவைச் சந்தித்தார். ராவ் கணிதப் பற்றுடையவர். முதலில் அவருக்கு ஐயம் இருந்தது. பலமுறை உரையாடிய பின் ஐயம் நீங்கி வியப்பு மேலிட்டது. வேண்டுவது யாது என்று அவர் வினவியபோது, உண்பதற்குப் போதிய சிறு தொகையே வேண்டும், அஃது இருப்பின் கவலையின்றி ஆராயலாம் என்னும் பொருள்பட இராமானுஜன் விடையிறுத்தார். செல்வத்தையோ பதவியையோ அவர் கேட்கவில்லை; ஓய்வையே கேட்டார்.

இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் 25 ரூபாய் தம் சொந்தப் பொருளினின்றும் அனுப்பி வந்தார். அவ்வுதவி பயன் தந்தது. 1911 ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழக இதழில் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. ஆயினும் ஒருவர்க்கு நெடுநாள் சுமையாக இருத்தலை அவர் உள்ளம் ஒப்பவில்லை. 1912 ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கு மேலாளராக இருந்த நாராயண ஐயரும் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவர் பெருமையை அறிந்து துணை நின்றனர்.

1913 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் நாள், இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு மடல் எழுதினார். அதனுடன் தாம் கண்ட ஏறத்தாழ 120 முடிபுகளையும் அனுப்பினார். அவற்றைக் கண்ட ஹார்டி, எழுதியவர் ஒப்பற்ற கணித அறிஞர் எனத் தெளிந்தார். அதே காலத்தில், இந்திய வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்திருந்தார். இராமானுஜனின் குறிப்புகளை அவருக்குக் காட்டினர். அவர், இவ்விளைஞர்க்கு ஆராய்ச்சி உதவிச் சம்பளம் அளித்தல் வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைத்தார்.

இங்கே மீண்டும் விதி எதிர்நின்றது. ஆராய்ச்சி உதவிச் சம்பளம் பெறுவோர் எம்.ஏ. பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். இராமானுஜனோ எப்.ஏ. தேர்விலேயே தேறாதவர். ஆனால் இம்முறை பல்கலைக்கழகத்தார் விதியின் எழுத்தை மட்டும் நோக்கவில்லை. அதன் கருத்தையும் நோக்கினர். ஆராய்ச்சியை வளர்த்தற்கு ஏற்பட்ட பொருள், ஆராய வல்லானிடம் சேராது போயின் அதனாற் பயன் என்னை? விதிவிலக்கு அளிக்கப்பட்டது. 1913 ஆம் ஆண்டு மே முதல் நாள் தொடங்கி ஈராண்டிற்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் வழங்க முடிவு செய்தனர். மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை அளித்தல் ஒன்றே அவர்க்குரிய கடமை. எழுத்தர் வேலையினின்றும் விடுபட்ட இராமானுஜன், வாழ்வில் முதன்முறையாகக் கவலையின்றிக் கணிதம் பயின்றார்.

1914 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்த நெவில் என்னும் அறிஞர், அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்ல முயன்றார். பல்கலைக்கழகம் ஆண்டிற்கு 250 பவுனும் பயணச் செலவும் அளித்தது; திரினிட்டிக் கல்லூரி 60 பவுன் அளித்தது. அவ்வாண்டு மார்ச்சு 17 ஆம் நாள் அவர் கப்பலேறினார். தம் உதவித் தொகையில் ஆண்டிற்கு 50 பவுன் குடும்பத்தார்க்குச் சேருமாறு ஏற்பாடு செய்த பின்னரே சென்றார்.

இங்கிலாந்தில் அவர் ஆற்றிய பணிகள் பல. அவற்றுள் ஒன்றை எளிதின் உணரலாம். நான்கு என்னும் எண்ணை நான்கு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள் என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200 என்னும் எண்ணையோ பிரிக்கும் வகைகளின் தொகை 13 இலக்கங்கள் கொண்டது. இத்தகைய தொகையை நெடிது எண்ணிக் கொண்டிராது காண்பதற்குரிய வாய்பாட்டை அவரும் ஹார்டியும் கண்டனர். 1916 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகம் அவரது ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் அளித்தது. 1918 ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்தின் அரசக் கழக உறுப்பினராகவும், அடுத்துத் திரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். எப்.ஏ. தேறாதவர் என்று தள்ளப்பட்டவரை அறிஞர் உலகம் தலைமேற் கொண்டது.

ஆனால் 1917 ஆம் ஆண்டிலிருந்தே நோய் அவரை வருத்திற்று. குளிரும், போர்க்காலத்து உணவுத் தட்டுப்பாடும் அவர் உடலைத் தளர்த்தின. இந்நிலையில் சென்னைப் பல்கலைக்கழகம் ஐந்தாண்டிற்கு ஆண்டுதோறும் 250 பவுன் வழங்க முன்வந்தது. இலண்டன் நகரின் ஒரு பகுதியாகிய பட்னியில் நோயுற்றிருந்த இராமானுஜன், 1919 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆம் நாள் பல்கலைக்கழகப் பதிவாளர்க்கு மடல் எழுதினார்.

அம்மடலே அவரது உள்ளத்தைக் காட்டும் கண்ணாடி. நன்றி கூறிய பின், அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்று அவர் குறித்தார். இங்கிலாந்திற் பட்ட செலவு போகப் பெற்றோர்க்கு ஆண்டிற்கு 50 பவுன் தருக என்றும், தமக்கு வேண்டிய செலவு போக எஞ்சியதைக் கல்விப் பணிக்கு ஆக்குக என்றும் வேண்டினார். ஏழைச் சிறுவர்க்கும் தாய்தந்தை அற்றோர்க்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைத்தற்கும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்குதற்கும் அது பயன்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அரைக்கட்டணச் சலுகையால் படித்த சிறுவனை அவர் மறக்கவில்லை. கட்டணம் இன்றிக் கல்லூரியை விட்டு நீங்கிய இளைஞனையும் அவர் மறக்கவில்லை.

1919 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் தாயகம் திரும்பினார். கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கி, இறுதியிற் சென்னைச் சேத்துப்பட்டிற்கு வந்தார். படுக்கையிலும் கணிதத்தை விட்டாரல்லர். அக்காலத்து அவர் எழுதிய தாள்கள் 1976 ஆம் ஆண்டு திரினிட்டிக் கல்லூரி நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டு, அறிஞர்க்குப் பெருவிருந்தாயின. 1920 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் நாள், 32 ஆம் வயதில் அவர் மறைந்தார். புதிய உதவித் தொகை தொடங்கி ஓராண்டு நிறைந்து, ஒரு திங்கள் கூடக் கழியவில்லை. ஏழை மாணவர்க்கு அவர் எண்ணிய கொடையைப் பல்லாண்டு தொடர்ந்து செய்ய வாழ்நாள் இடந்தரவில்லை.

எனினும் நல்லெண்ணம் வீண்போவதில்லை. ஏழை மாணவர் உயர்கல்வி பெறுதல் ஒருவர் இருவர் இரக்கத்தைப் பொறுத்ததாக இருத்தல் கூடாது என்னும் கருத்துப் பின்னாளில் நாட்டில் வேரூன்றியது. நெய்க்காரப்பட்டி மாணவர்க்கு அண்மையில், அன்பர் பழனியாண்டவர்க்கு அளித்த காணிக்கையின் துணையால் தேவத்தானக் கல்லூரிகள் எழுந்தன. அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி கற்கும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 ஆம் ஆண்டிலும், ஆண்களுக்கு அவ்வாறே வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றன.

திங்கள்தோறும் 25 ரூபாயும், பின்னர் 75 ரூபாயும் இராமானுஜனை வாழவைத்தன. அறிவை அவை அவர்க்குக் கொடுக்கவில்லை. அறிவு வெளிப்படுதற்குரிய காலத்தைக் கொடுத்தன. கல்விக் கொடையின் பயன் அதுவே. உதவி பெற்றுக் கற்போர் அதனை இழிவெனக் கருதுதல் வேண்டா; முயற்சியால் அதற்குத் தகுதியுடையோர் ஆதல் வேண்டும். கற்று உயர்ந்தபின், தாம் கடந்து வந்த பள்ளத்தின் கரையில் இன்னும் ஒரு சிறுவன் நிற்பான் என்பதை நினைத்தல் வேண்டும். நோய்ப்படுக்கையிற் கிடந்தும் அச்சிறுவனை நினைத்தவர் இராமானுஜன்.