கே. எஸ். கிருஷ்ணன்

புழல் ஏரிக்கரையில் நிற்பவர்கள் நீரின் நீலம் வானத்தின் பிரதிபிம்பமே என்பர். கடலின் நீலத்தைக் குறித்துப் பெரிய விஞ்ஞானிகளும் அவ்வாறே எண்ணியிருந்தனர். 1921-ல் மத்தியதரைக் கடலைக் கடந்த சி. வி. ராமன், நீரே ஒளியைச் சிதறடிக்கிறதென்று நிலைநாட்டினார். அவ்வாராய்ச்சி நோபல் பரிசில் முடிந்த கதையைத் தமிழர் அறிவர். அதில் அவருக்குத் தோள் கொடுத்த கிருஷ்ணனையோ பெயரளவிலேயே அறிவர்.

இவர் 1898 டிசம்பர் 4-ந் தேதி ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றபின், கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் ஸ்தாபித்த விஞ்ஞான சங்கத்தில் ராமனிடம் சேர்ந்தார். அது அந்நிய சர்க்காரின் தயவில் எழுந்ததன்று; இந்தியர் ஈந்த நன்கொடையால் எழுந்தது.

1928 பிப்ரவரியில் அவர்கள் கையாண்ட முறை எளியது. சூரிய ஒளியை ஒடுக்கி, நீல ஊதாக் கண்ணாடி வழியே சுத்தமான திரவத்தினுள் செலுத்தினர். அந்நீலத்தை முற்றும் தடுக்கும் வேறொரு வர்ணக் கண்ணாடியைக் கண்முன் பிடித்தால் இருளே தெரிய வேண்டும். ஆனால் மங்கலாக ஓர் ஒளி தெரிந்தது! புகுந்த ஒளியில் மிகச் சிறு பகுதி, மூலக்கூறுகளுக்குத் தன் சக்தியில் சிறிது ஈந்து, நிறம் மாறி வெளிவந்திருந்தது. பாதரச விளக்கை வைத்து ஸ்பெக்ட்ராஸ்கோப்பில் நோக்கியபோது பழைய கோடுகளின் அருகே புதிய கோடுகள் தோன்றின. பொருளுக்குப் பொருள் அவை வேறுபடும். ஆகையால் மருந்தையும் இரத்தினத்தையும் இனங்காண இன்று அம்முறை பயன்படுகிறது. திரவம் திரவமாகச் சுத்திகரித்து இருட்டறையில் கண் சோர நோக்கிய உழைப்பு பெரும்பாலும் கிருஷ்ணனுடையது.

மார்ச்சு 31-ந் தேதி லண்டன் 'நேச்சர்' பத்திரிகையில் வந்த அறிக்கையில் இருவர் பெயரும் இருந்தன. 1930-ல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. ராமனின் பெருமையைக் குறைக்க முற்படுவோருடன் நாம் சேரோம். கேள்வியும் அதற்கு விடை தேடிய வழியும் அவருடையவை. எனினும், கிருஷ்ணன் பெயரை விட்டுவிட்டு மாணவருக்கு அக்கதையைப் போதிப்பது நியாயமன்று என்பதே நமது அபிப்பிராயம்.

கிருஷ்ணன் அங்கேயே நின்றுவிடவில்லை. டாக்கா சென்று, படிகங்களின் காந்தத் தன்மையை நுட்பமாக அளந்து தமக்கெனத் தனித் துறையொன்றை அமைத்துக்கொண்டார். 1940-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று. அலகாபாத்தில் சில ஆண்டுகள் இருந்தபின், 1947-ல் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலையின் முதல் டைரக்டரானார்.

இத்தனை அலுவல்களுக்கிடையே தமிழிலும் விஞ்ஞானம் எழுதினார். தமிழில் சாஸ்திரம் எழுத இயலாதென்று வாதிடும் ஆங்கிலம் படித்த கனவான்கள் (நம் வக்கீல் கூட்டத்திலேயே அவர்கள் அநேகர்) அவற்றைத் தேடிப் படிப்பார்களாக. 1961 ஜூன் மாதம், அந்த ஆராய்ச்சிசாலையின் தலைமையில் இருக்கும்போதே, அவர் காலமானார்.