சர்வருக்கு எந்த ஓஎஸ்? விடை தேடினால் வந்து நிற்பவர் டென்னிஸ் ரிட்சி!

புதுசா ஒரு வெப்சைட்டுக்கு சர்வர் வாடகைக்கு எடுக்கப் போனால், முதல் கேள்வியே எந்த ஓஎஸ் வேணும் என்பதுதான். உபுண்டு, டெபியன், ஃப்ரீபிஎஸ்டி என்று பட்டியல் நீளும். விண்டோஸ் சர்வரை விட்டுவிட்டால், மற்றவை பெரும்பாலும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூத்தவர்களில் ஒருவர் டென்னிஸ் ரிட்சி.

1941-ல் அமெரிக்காவில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்து, முனைவர் ஆய்வேட்டையும் எழுதி முடித்தார். ஆனா பைண்டு செய்த பிரதியை ஒப்படைக்காமல் விட்டதால் பட்டம் கிடைக்கவில்லை. 1967-ல், அப்பா வேலை பார்த்த அதே பெல் லேப்ஸில் சேர்ந்தார்.

1969-ல் சக ஊழியர் கென் தாம்சன், அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 கம்ப்யூட்டரில் யூனிக்ஸை எழுத ஆரம்பிக்க, ரிட்சியும் கைகோத்தார்.

அப்போதெல்லாம் ஓஎஸ்ஸைப் பெரும்பாலும் அந்தந்த மெஷினுக்கென்றே அசெம்பிளி மொழியில் எழுதுவார்கள். மெஷினை மாற்றினால் எல்லாமே மறுபடியும் முதலிலிருந்து. இதற்கு வழி காட்டியது ரிட்சி உருவாக்கிய சி மொழி. 1973-ல் யூனிக்ஸ் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதன்பின் வேறு மெஷினுக்குக் கொண்டுபோவது சுலபமானது.

பெல் லேப்ஸின் அன்றைய தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி, 1956-ம் ஆண்டு வழக்கு உடன்பாட்டின்படி தொலைத்தொடர்பு தாண்டி வியாபாரம் செய்ய முடியாத நிலையில் இருந்தது. அதனால் யூனிக்ஸின் மூல நிரல் குறைந்த கட்டணத்தில் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. பெர்க்லியில் அது பிஎஸ்டி ஆக வளர்ந்தது. ஃப்ரீபிஎஸ்டி அதன் வழி வந்ததுதான். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸின் நிரலை எடுக்காமல், அதன் பாணியில் சி மொழியிலேயே லினக்ஸை எழுதினார். உபுண்டுவும் டெபியனும் அதில் ஓடுபவை.

1983-ல் ரிட்சிக்கும் தாம்சனுக்கும் டூரிங் விருது கிடைத்தது. 2011 அக்டோபர் 5-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தபோது உலகமே பேசியது. நியூ ஜெர்சியில் தனியாக வாழ்ந்த ரிட்சி வீட்டில் இறந்து கிடந்தது ஒரு வாரம் கழித்து, 12-ம் தேதி தெரியவந்தது. அந்தச் செய்தி பலரை எட்டவே இல்லை. இத்தனைக்கும் ஐபோன் ஓஎஸ்ஸின் வேரும் யூனிக்ஸ்தான்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? அப்டேட் எத்தனை வருஷம் வரும், டீமில் யாருக்கு எது பழக்கம் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நாளைக்கு உபுண்டுவிலிருந்து டெபியனுக்கு மாறினாலும் கற்றது வீணாகாது. பழகிய கமாண்டுகளில் பெரும்பாலானவை அங்கேயும் வேலை செய்யும். மெஷின் மாறினாலும் உழைப்பு வீணாகக் கூடாது என்று ரிட்சி போட்டுக் கொடுத்த பாதை அது.