மர்ஹூம் பி. ரம்லி: தொழில் கற்று உயர்ந்த கதை

நமது சங்க ஏட்டில் சினிமாக்காரர் ஒருவரின் சரிதையை எழுதலாமா என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. மதரஸாவில் ஓதிய காலத்தில் படம் பார்த்தது தெரிந்தால் உஸ்தாதின் பிரம்புக்குத் தப்ப முடியாது. ஆயினும் பெருநாள் விருந்து முடிந்து உட்கார்ந்தால் தொலைக்காட்சியில் பி. ரம்லியின் படம் ஓடும். நம் கடைக்கு வரும் மலாய்க்காரர்கள் அவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சாமான் பொறுக்குவார்கள். அவர்களிடம் வியாபாரம் செய்து பிழைக்கும் நாம், அவர்கள் நெஞ்சில் வைத்திருக்கும் மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்வதில் தவறில்லை. மேலும் இந்தச் சரிதையில் நம் தாய்நாட்டாருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அன்னார் 1929-ஆம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி பினாங்கில் பிறந்தவர். இயற்பெயர் தெயுக்கு ஸக்கரியா. தகப்பனார் தெயுக்கு ஞாக் பூத்தே, அச்சேயிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. பெயருக்கு முன்னால் நிற்கும் 'பி' என்ற எழுத்து தகப்பனாரின் பூத்தே என்னும் பெயரைக் குறிப்பதாகும். பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருக்கையில் ஜப்பான்காரன் யுத்தம் வந்து படிப்பைக் கெடுத்தது. யுத்தத்துக்குப் பின் பாட்டும் வாத்தியமுமாகவே காலம் போயிற்று. 1947-இல் பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் முதல் பரிசு பெற்றார்.

மறு ஆண்டு புக்கிட் மெர்த்தாஜாமில் அவர் பாடியதை பி. எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்திய டைரக்டர் கேட்டார். 1933-இல் சிங்கப்பூரில் 'லைலா மஜ்னூன்' என்ற மலாய்ப் படத்தை எடுத்தவர் இவரே. அவர் அழைப்பின் பேரில் பத்தொன்பது வயதுப் பிள்ளை சிங்கப்பூருக்கு ரயிலேறினார்.

ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ இருந்தது. அங்கே போனதும் கதாநாயகர் வேஷம் கிடைத்துவிடவில்லை. 'சிந்தா' (1948) என்ற படத்தில் பின்னணி பாடினார், சிறு வேஷம் ஒன்றும் கட்டினார். மற்ற நேரத்தில் காமிராக்காரருக்கு உதவி, படப்பிடிப்பில் எடுபிடி வேலை, எது கிடைத்தாலும் செய்தார். நம் முன்னோர் கப்பலேறி வந்து, கடையைக் கூட்டி, பொட்டலம் மடித்து, பிறகு பேரேடு எழுதி, கடைசியில் தனிக்கடை போட்டார்களே, அதே பாதைதான் இதுவும். கல்லாவில் உட்காருவதற்கு முன் தராசு பிடித்திருக்க வேண்டும் என்று என் தகப்பனார் சொல்லுவார்.

1950-இல் 'பக்தி' என்ற படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகராக ஆக்கி, அவருடைய சொந்தக் குரலிலேயே பாடவும் வைத்தவர் எல். கிருஷ்ணன். இவர் மதராஸில் பிறந்து சிறு வயதில் பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். பின்பு மதராஸ் டைரக்டர் எஸ். ராமநாதன், கல்கத்தாவில் பேர் பெற்ற பனி மஜும்தார் ஆகியோரிடமும் நடித்தார். நடித்துக்கொண்டே அவர்கள் வேலையைக் கண்ணால் களவாடினார் என்றே சொல்லவேண்டும். மஜும்தார் எடுத்த 'அனக்கு சஸாலி' படத்தில் தகப்பன், மகன் ஆகிய இரு வேஷங்களிலும் நடித்து, 1957-இல் தோக்கியோவில் நடந்த ஆசியப் படவிழாவில் சிறந்த நடிகர் என்ற பரிசைப் பெற்றார்.

அதற்கு முன்பே, 1955-இல், டைரக்டர் நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டார். 'பெனாரிக் பேச்சா' என்ற அந்தப் படம் ஓர் ஏழை ரிக்‌ஷாக்காரனின் கதை. பின்னர் மூன்று கிழட்டுப் பிரம்மசாரிகளைப் பற்றிய 'புஜாங் லாப்போக்' படங்களால் ஊரைச் சிரிக்க வைத்தார். 1962-இல் 'இபு மெர்த்துவாக்கு' வந்தபோது அதே ஊர் அழுதது. கதை, டைரக்‌ஷன், நடிப்பு, இசை, பாட்டு எல்லாம் ஒருவரே செய்ததற்கு 1963-ஆம் ஆண்டு ஆசியப் படவிழாவில், பல திறன்களும் ஒருங்கே பெற்றவர் என்று தனிப் பரிசு கொடுத்தார்கள். மறு ஆண்டு வந்த 'மாடு தீகா', மூன்று வீடு வைத்துக்கொண்டு முழிக்கும் வியாபாரி ஒருவரின் கதை. நம்மவர் சிலர் அதைப் பார்த்தால் சிரிப்பு வராது, வேர்வைதான் வரும்!

இனிச் சொல்ல வேண்டியது துக்கமான பகுதி. 1964-இல் சிங்கப்பூரை விட்டு, கோலாலம்பூரை அடுத்த உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவுக்குப் போனார். நல்ல வியாபாரம் நடந்த கடையை மூடிவிட்டுப் புது இடத்தில் கடை திறந்தவர்களுக்கு இந்த நிலைமை புரியும். ஜாலான் அம்பாஸில் பல வருஷம் சேர்ந்து உழைத்துப் பழகிய தொழிலாளரும் இசைக்காரரும் இங்கே கிடைக்கவில்லை, கருவிகளும் போதவில்லை. காலமும் எதிராக நின்றது. 1963-இல் தொடங்கிய கொன்ஃபுரொந்தாசி இந்தோனேசியச் சந்தையை அடைத்தது. அதே ஆண்டில் தொலைக்காட்சி வந்தது. ஹாங்காங்கிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கலர்ப் படங்கள் வந்து குவிந்தன. இவர் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துக்கொண்டிருந்தார். சரக்கு நல்லதாக இருந்தும் சந்தை போய்விட்டால் முதலாளி என்ன செய்வார்? அவர் காலம் முடிந்தது என்று பழைய ரசிகர்களே பேசத் தொடங்கினர். 1972-இல் வந்த 'லக்ஸமானா டோ ரே மி' அவருடைய கடைசிப் படமாயிற்று.

1973 மே 29-ந் தேதி மாரடைப்பால் வபாத்தானார். வயது 44. சிங்கப்பூரில் எடுத்த படங்களின் உரிமை ஷா கம்பெனியுடையது. அவர் அங்கே சம்பளக்காரர்தான். கோடிக்கணக்கானோர் பார்த்த படங்களைச் செய்தவர் கையில் கடைசிக் காலத்தில் பணம் இல்லை. இதை எழுதும்போது மனம் பொறுக்கவில்லை. கடன் எழுதி வாங்கிப் போகும் மனிதரைக் கூட உயிரோடு இருக்கும்போது நாம் நலம் விசாரிக்கிறோம்.

மரியாதைகள் பின்னால் வந்தன. 1982-இல் கோலாலம்பூரின் பாரி சாலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். செத்தாப்பாக்கில் அவர் குடியிருந்த வீடு 1986-இல் நினைவு இல்லமாயிற்று. 1990-இல், அவர் போய்ப் பதினேழு வருஷம் கழித்து, டான் ஸ்ரீ பட்டம் கிடைத்தது.

ஜாலான் அம்பாங் முஸ்லிம் மையவாடியில் அவர் கபுர் இருக்கிறது. 1983-இல் இறந்த மனைவி சலோமாவும் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். கொள்முதலுக்குக் கோலாலம்பூர் போகும் நம்மவர்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வரலாம். அல்லாஹ் அவர் பிழைகளைப் பொறுப்பானாக. ஆமீன்.